வராத கடிதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதங்களைப் படித்துப் பட்டியலிடும் பணியில் நான் சேர்ந்தபோது, எழுதியவர், பெறுநர், நாள், பொருள் என்ற நான்கு கட்டங்களையும் நிரப்பினால் போதும் என்று சொல்லித் தந்தார்கள். தாளை மிச்சப்படுத்துவதற்காக, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காகவும் எழுதிவிடுவது அக்கால வழக்கம் என்பதால், ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்கே சில சமயம் அரை நாள் ஆகும். பிள்ளைகளின் காய்ச்சலும் பிரசவமும் மரணமும் வரும் கடிதங்களுக்கெல்லாம் ‘குடும்பச் செய்தி’ என்றே எழுதி நகர்ந்துவிடுவேன்.

அந்தப் பழக்கத்தை நிறுத்தியவை, 1851 ஏப்ரலில் சார்லஸ் டார்வினும் அவர் மனைவி எம்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள். அவர்களுடைய பத்து வயது மகள் ஆனி, மருத்துவர் கல்லியின் நீர்ச் சிகிச்சைக்காக மால்வெர்ன் என்ற ஊரில் இருந்தாள். அடுத்த மாதம் பிரசவம் என்ற நிலையில் இருந்த எம்மாவால் அவர்களுடைய வீடான டவுன் ஹவுஸைவிட்டு நகர முடியவில்லை. மகளின் படுக்கையருகே இருந்த டார்வின், வாந்தி எத்தனை முறை, நாடி எப்படி, எது உள்ளே இறங்கியது என்று மணிக்கணக்கோடு எழுதி அனுப்பினார். ஆராய்ச்சிக் குறிப்புபோலத் தோன்றும் அந்த வரிகள், அருகில் இருக்க முடியாத தாயையும் அந்த அறைக்குள் கொண்டுவந்து உட்காரவைக்கும் முயற்சி என்று எனக்குப் புரியச் சில நாட்கள் ஆயின.

ஏப்ரல் 23 நண்பகலில் ஆனி இறந்தாள். டார்வின் அன்றே எழுதினார். மறுநாள் எம்மா எழுதிய கடிதத்தைத்தான் நான் பலமுறை படித்திருக்கிறேன். முந்தின நாள் செய்தி எதுவும் வராததன் பொருள் தனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது என்றும், மாலை நான்கு மணிவரை இடையிடையே நம்பிக்கை எழுந்தது என்றும் அவர் அதில் சொல்கிறார். மகள் போய்விட்ட பிறகும் நான்கு மணிநேரம் அந்த வீட்டில் அவள் உயிரோடிருந்தாள். தபால் வராததே அவருக்கு வந்த முதல் செய்தி. அதற்கு என் பட்டியலில் கட்டம் இல்லை.

அன்றிலிருந்து, எழுதிய நாளோடு நிறுத்தாமல், உறையின் பின்புறம், கடிதம் போய்ச் சேர்ந்த ஊரின் தபால் முத்திரை தெளிவாக இருந்தால் அந்த நாளையும் குறிக்கிறேன். நாள்தோறும் எழுதியவர்கள் திடீரென்று எழுதாமல் விட்ட நாட்களையும், அடுத்து வந்த தாளில் துக்கத்துக்குரிய கறுப்பு விளிம்பு உண்டா என்பதையும் குறிப்பில் சேர்க்கிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது.