ஆன் எலியட்டின் எட்டு ஆண்டுகள்

ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலை இந்த வாரம் மீண்டும் படித்து முடித்தேன். 1817 ஜூலையில் அவர் மறைந்தபின், அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த இந்நூலே அவருடைய நாவல்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது.

நாயகி ஆன் எலியட்டின் தந்தை சர் வால்டர், பாரோனட் (பரம்பரையாக வரும் ‘சர்’ பட்டம்) குடும்பங்களின் பட்டியல் நூலில் தம் குடும்பத்தின் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்து மகிழ்பவர். 19 வயதில் ஆன் நேசித்த கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்திடம் சொத்தும் இல்லை, குலப்பெருமையும் இல்லை. தாயின் இடத்தில் இருந்த லேடி ரஸ்ஸல் எடுத்துச் சொன்னதும் அவள் திருமண உறுதியை முறித்துவிடுகிறாள். எட்டு ஆண்டுகள் கழித்து, கடற்போரில் பிடிபட்ட கப்பல்களால் கிடைத்த 25,000 பவுண்டுடன் அவன் திரும்பும்போது, கடனில் மூழ்கிய எலியட் குடும்பம் தன் மாளிகையை அவனுடைய அக்காள் கணவருக்கே வாடகைக்கு விட்டிருக்கிறது.

ஆனின் தங்கை கணவருடைய தங்கை லூயிசாவோடு கலகலப்பாகப் பழகியதை நண்பர்கள் காதலென்றே எடுத்துக்கொண்டதால், மனம் ஆனிடம் இருந்தும், லூயிசா விரும்பினால் அவளை மணந்தே ஆகவேண்டிய நிலைக்கு வென்ட்வொர்த் வந்துவிடுகிறான். நற்பெயர் என்ற கட்டு பெண்ணுக்கு மட்டுமே என்று எண்ணியிருந்த நான், இம்முறை இந்த இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

பாத் நகர விடுதிக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் கண் கலங்குகிறது. சன்னலருகே ஆன், நம்பிக்கை அற்றுப்போன பின்னும் நீண்டகாலம் நேசிப்பது பெண்ணின் இயல்பு என்று வென்ட்வொர்த்தின் நண்பர் ஹார்வில்லிடம் தாழ்ந்த குரலில் வாதிட்டுக்கொண்டிருக்கிறாள். சற்றுத் தள்ளி எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுகிறது. புறப்பட்டுப் போனவன், மறந்துவிட்ட கையுறையை எடுப்பதுபோலத் திரும்பி வந்து, அவளுக்கென்று எழுதிய கடிதத்தை அவள்முன் எடுத்து வைத்துவிட்டு, அவளிடம் ஒரு சொல்லும் பேசாமல் வெளியேறுகிறான்.