செத்த இசிஎம்மை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வேளச்சேரியில் எங்கள் தெருவே குளமானது, என் 14 வயது டீசல் கார் சீட் வரை தண்ணீரில் நின்றது. வடிந்ததும் பேட்டரியைக் கழற்றாமல் சாவியைத் திருகிப் பார்த்தேன். அது என் தப்பு, என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியான இசிஎம் போச்சு. மற்ற ரிப்பேர் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது.

சர்வீஸ் சென்டரில் புதுசுக்கு 48,000 என்றார்கள். நேராகப் புதுப்பேட்டைக்குப் போய் 6,000 ரூபாய்க்குப் பழையது ஒன்றைப் பிடித்தேன். லேபிளில் இருக்கும் பாஷ் (இசிஎம் தயாரித்த கம்பெனி) நம்பரைக் கடைசி இலக்கம் வரை ஒத்துப் பார்த்துத்தான் வாங்கினேன் (டீசல் என்றால் 0281, பெட்ரோல் என்றால் 0261 என்று தொடங்கும்). "மாட்டுங்க சார், ஓடும். செத்ததைக் கொண்டாந்தா ஐந்நூறு திருப்பித் தர்றேன்" என்றார் கடைக்காரர்.

மாட்டினேன். செல்ஃப் அடித்தது, என்ஜினும் பிடித்தது, இரண்டே விநாடியில் அடங்கிவிட்டது. மீட்டரில் சாவி விளக்கு படபடவென்று மின்னியது. இம்மொபிலைசர், அதாவது திருட்டுத் தடுப்புப் பூட்டு! சாவித் தலைக்குள் இருக்கும் சிப்பின் அடையாளம் இசிஎம்மில் பதிந்திருக்க வேண்டும், இந்த இசிஎம்முக்கோ வேறு யாரோ ஒருவருடைய சாவிதான் தெரியும்.

சாவியை இசிஎம்மில் பதியத் தேவையான ரகசிய பின் (PIN) நம்பர் கேட்டு மறுபடி சர்வீஸ் சென்டர். ஆர்சி ஒரிஜினல் இல்லை என்று முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் ஆர்சி, ஆதார் எல்லாம் கொண்டுபோனால், "ரெண்டு சாவியும் வேணும், கொண்டுவராத சாவி அழிஞ்சிடும்" என்றார் அட்வைசர். இதை நேற்றே சொல்வதற்கென்ன? மூன்றாம் நாள் எல்லாம் இருந்தது, நம்பரும் வந்தது, ஸ்கேனரில் போட்டால் ஏற்கவில்லை. ஏனென்றால் அது என் வண்டியின் நம்பர். மாட்டியிருக்கும் இசிஎம் கேட்பது அதன் பழைய வண்டியின் நம்பரை. மூன்று நாள் அலையவிட்டவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும்தான்.

கடைசியில் இசிஎம் ரிப்பேர் பார்க்கும் ஒரு பையன், "பழசு இருக்கா சார்?" என்று முதல் கேள்வியாகவே கேட்டான். ஐந்நூறுக்கு ஆசைப்பட்டு அதைக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். திறந்தால் போர்டெல்லாம் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. அதன் நடுவில், சாவி அடையாளம் பதிந்திருக்கும் எட்டுக் கால் மெமரி சிப் ஒன்று, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. பிரஷ்ஷால் தேய்த்துச் சூடுகாட்டிக் கழற்றி, புரோகிராமரில் வைத்துப் படித்தான். இரண்டு முறை வெறும் எஃப் எஃப் எஃப், அதாவது எதுவும் படிக்க முடியவில்லை. கால்களை மறுபடி ஈயம் பூசி வைத்த மூன்றாம் முறை டேட்டா வந்தது. அதை அப்படியே புதுப்பேட்டை இசிஎம்மில் ஏற்றினான். இன்ஜெக்டர் (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) ஒவ்வொன்றுக்கும் உரிய கோட் நம்பரும் அதிலேயே இருந்ததால் அதைத் தனியாக எழுதும் வேலை மிச்சம். (புது இசிஎம் போடுகிற டீசல்காரர்கள் இதைக் கேட்டுச் செய்யுங்கள், விட்டால் என்ஜின் உதறும்.)

சாவியைத் திருகினேன், விளக்கு எரிந்து அணைந்தது, என்ஜின் நிற்காமல் ஓடியது. இரண்டாவது சாவியும் வேலை செய்தது. கூலி 3,500. அந்த ஃபைலைக் கேட்டு வாங்கிப் பென் டிரைவில் வைத்திருக்கிறேன், மொத்தமே 4 கேபி.