அக்கா தலையில் முளைத்த விளக்குக்கம்பம்

போன முறை புதுச்சேரியில் எடுத்த படங்களைக் காட்டியபோது அக்கா முதலில் கேட்டது இதுதான்: "ஏன்டா, என் தலையில கம்பம் முளைச்சிருக்கு?" பீச் ரோடு விளக்குக்கம்பம், உச்சந்தலைக்கு நேர் பின்னால். எடுக்கும்போது அது என் கண்ணில் படவே இல்லை. அவள் சிரிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த முறை கடலூரிலிருந்து விடிவதற்குள் பஸ் ஏறிவிட்டோம். காலையில் பீச் ரோட்டில் வண்டி விடுவதில்லை; நடுரோட்டில் நின்றே படம் எடுக்கலாம்.

போன் கேமராவில் கிரிட்டைப் போட்டுக்கொண்டேன். குறுக்கே 2 கோடு, நெடுக்கே 2 கோடு, மொத்தம் 9 கட்டம். அடிவானத்தை நடுவில் வைக்காமல் ஏதாவது ஒரு கோட்டில் வைக்க வேண்டும். இந்தக் கணக்குக்குக் கேமராவைவிட வயது அதிகம். ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797-லேயே எழுதிவைத்தது. சரி, எந்தக் கோடு? அன்றைக்கு வானம் வெறும் சாம்பல், சூரியன் மேகத்துக்குள். கரையிலோ கறுப்புப் பாறைகள் அலையில் நனைந்து மின்னிக்கொண்டிருந்தன. மேல்கோட்டுக்குக் கடலை ஏற்றிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாறையைப் படம் முழுக்க நிரப்பினேன். 1952 புயலில் விழுந்த பழைய பாலத்தின் மிச்சம் ஓரத்தில் சின்னதாக நின்றது. போதும்.

காந்தி சிலைக்கு வந்ததும் கட்டக் கணக்கை விட்டுவிட்டேன். சுற்றிலும் கருங்கல் தூண்கள். நேர் எதிரே நின்றால் தூண்களே இருபுறமும் சட்டம் போட்டுத் தருகின்றன. அங்கே நடுவில் வைப்பதுதான் அழகு.

அப்புறம் துய்மா தெரு. மஞ்சள் சுவர் தெருக்கோடி வரை கண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் போய்ச் சேர அங்கே ஒன்றும் இல்லை. காத்திருந்தேன். ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் ஆட, ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். அவசரத்தில் எடுத்ததில் முன்சக்கரம் படத்தின் ஓரத்தில் முட்டி நின்றது, சுவரில் மோதிவிட்டவர் மாதிரி. அடுத்த சைக்கிளுக்கு முன்பக்கம் தாராளமாக இடம் விட்டேன். அது ஓடியது. டிபன் கேரியர்தான் இல்லை.

கிளம்பும்போது அக்கா அதே கம்பத்தடியில் போய் நின்றாள், வேண்டுமென்றே. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தேன். கம்பம் தலையை விட்டு விலகியது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், வலது ஓரத்தில் யாரோ ஒருவரின் பாதி முழங்கை, கையில் டீ கப்.