மாலையைக் கழற்றும் நாள்

3 பிப்ரவரி 2025, திங்கள்

பழனிக்கு நடக்கிறவர்கள் திருப்பத்தூர்ச் சாலையின் ஓரம் முழுவதையும் நிறைத்துவிட்டார்கள். காவடிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுக் கிளைச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கொட்டடிக்கு ஒரு கம்பிக் கதவு, கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு காற்றுத் துவாரம். உள்ளே பதினான்கு பேர். ஒன்பது பேர் பீடி பிடிக்கிறவர்கள், மற்ற ஐந்து பேருக்கும் அதே புகைதான். பீடி உள்ளே எப்படி வருகிறது என்று நான் கேட்பதில்லை. கேட்டால் மறுநாள் ஒருவரும் என்னோடு பேசமாட்டார்கள்.

லாரியில் சுமை ஏற்றும் வேலை செய்தவர் ஒருவர், வயது 38, நாளைக்கு இரண்டு கட்டு பீடி. "விட்டுப் பார்த்ததுண்டா?" என்று கேட்டேன். "வருஷா வருஷம் விடுகிறேன் டாக்டரம்மா. பழனிக்கு மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் கையால் தொடமாட்டேன்" என்றார். பிறகு? "மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் முதல் வேலை அதுதான்."

இந்த ஆண்டு அவரால் மாலை போட முடியவில்லை. சாலையில் போகும் அரோகரா உள்ளே கேட்கிறது. அது கேட்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்.

5 பிப்ரவரி, புதன்

முகப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த அப்பத்தா, "உன் நோட்டுக்குப் பீடி நாற்றம் எப்படி வந்தது?" என்று கேட்டார். தொண்ணூற்றொரு வயதிலும் அவர் மூக்கை ஏமாற்ற முடியாது. முகர்ந்து பார்த்தேன். உண்மைதான், ஒவ்வொரு பக்கத்திலும் அந்த நெடி ஏறியிருக்கிறது. நான் அந்தக் கொட்டடியில் இருந்தது ஒன்றரை மணி நேரம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சிறைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்த ஜான் ஹோவர்டு, தன் குறிப்புப் புத்தகத்தைக் கணப்பு நெருப்பின் முன்னால் காட்டி எடுத்த பிறகே பிரிக்க முடிந்தது என்று எழுதியிருக்கிறார். சிறையிலிருந்து திரும்பும்போது உடுப்பின் நாற்றம் தாங்காமல் வண்டிச் சன்னலைச் சாத்த முடியாதாம். அந்நாளில் சிறைக் காய்ச்சலால் செத்தவர்கள் தூக்கில் போடப்பட்டவர்களைவிட அதிகம் என்று கணக்கோடு சொன்னவர் அவர். தண்டனை என்பது அடைத்துவைப்பது மட்டுமே, நோய் அதில் சேர்த்தி இல்லை என்ற எண்ணத்துக்கு அங்கேதான் வேர். ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் 2015-இல் அதையே எழுத்தில் வைத்தன: வெளியே உள்ளவருக்கு என்ன மருத்துவத் தரமோ, அதே தரம் உள்ளே உள்ளவருக்கும்.

நோட்டை முற்றத்து வெயிலில் விரித்து வைத்திருக்கிறேன்.

8 பிப்ரவரி, சனி

மாவட்டத்தில் புகையிலைக் கட்டுப்பாட்டு வேலை பார்க்கும் தம்பி வந்திருந்தான். "சிறையில் முழுத் தடை போட்டுவிட்டால் முடிந்துவிடாதா அக்கா?" என்று கேட்டான். நான் இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கேள்வியைத்தான் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே பொது இடப் புகைத் தடை 2007 ஜூலை 1-இல் வந்தது. சிறை அறைகளுக்கு மட்டும் விலக்கு. கைதிகளில் ஐந்தில் நான்கு பேர் புகைக்கிறார்கள், தடுத்தால் கலவரம் வெடிக்கும் என்ற பயம் எல்லா மட்டத்திலும் இருந்தது. உள்ளே சிகரெட்டுத் தூள்தான் நாணயம், அதை வைத்துத்தான் கடனும் வட்டியும். லேவாதேவி பார்த்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கணக்கு புரிய அதிக நேரம் ஆகவில்லை. கடனைத் தீர்க்க முடியாதவன் அடிவாங்குவான், ஆகவே புகையிலையை எடுத்தால் அடிதடியும் குறையும் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ச் சொன்னேன். திறந்தவெளிச் சிறைகள் நீங்கலாக மற்றச் சிறைகள் எல்லாம் 2018-இல்தான் புகையற்றவை ஆயின. ஸ்காட்லாந்து அதே ஆண்டு நவம்பர் 30-இல் ஒரே நாளில் மாறியது. முதல் வாரத்திலேயே உள்ளே காற்றிலிருந்த நுண்துகள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்ததை அளந்து காட்டினார்கள்.

அந்த ஒரு நாளுக்குப் பின்னால் பல மாத வேலை இருந்தது. தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை கொடுத்தார்கள், வாரா வாரம் உட்கார்ந்து பேசினார்கள், மின்சிகரெட்டையும் அனுமதித்தார்கள். நம் நாட்டில் மின்சிகரெட்டுக்கு 2019 முதல் தடை, ஆகவே அந்த வழி நமக்கு இல்லை. பட்டையும் பேச்சும்தான் மிச்சம். இரண்டு கட்டு பீடி பிடித்த உடம்பிலிருந்து நிகோடினைப் பிடுங்கிவிட்டு, கை நடுங்கித் தூக்கம் கெட்டுக் கிடப்பவனைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது இன்னொரு தண்டனை. தம்பியிடம் இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். இந்நேரம் பழனியில் மாலைகள் கழன்றுகொண்டிருக்கும்.

14 பிப்ரவரி, வெள்ளி

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களிடம் சளி எடுத்தோம், ஆறு பேர். ஒருவருக்குக் காசநோய் உறுதியாகிவிட்டது.

புகையையும் காசநோயையும் இருவேறு துறையாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சென்னையிலிருந்து டாக்டர் கஜலட்சுமி குழுவினர் தமிழ்நாட்டில் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு. உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு நம் ஊர்ச் சாவுக் கணக்கிலிருந்து வந்தது. அதை நம் கொட்டடிக்குள் கொண்டுபோக இருபது ஆண்டு போதவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு உண்டு.

காசநோய்க்கு ஆறு மாத மருந்து. ஜாமீன் கிடைத்தால் இவர் நாளைக்கே வெளியே போய்விடுவார். எந்த ஊர், எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று இன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டேன். முன்பு ஒரு சிறையில் இப்படி எழுதி வாங்காமல் விட்ட ஒருவரை நாங்கள் திரும்பப் பார்க்கவே இல்லை. அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

20 பிப்ரவரி, வியாழன்

சிறை வாசலுக்கு எதிரே, நாற்பது அடியில் ஒரு பெட்டிக்கடை. வாழைத்தாருக்குப் பக்கத்தில் கயிறு தொங்குகிறது, நுனியில் கங்கு. பீடி வாங்குகிறவர் குனிந்து அதில் பற்றவைத்துக்கொள்வார். கங்கு காலையில் இடுப்பளவில் இருந்தது, கைதிகளைப் பார்க்க மனுப் போட்டு வந்த கூட்டம் கலைந்தபோது தோள் உயரத்துக்கு மேலேறிவிட்டது என்று கடைக்கார அண்ணன் நுனியைக் காட்டாமல் முடிச்சைக் காட்டினார். அவிழ்த்து இறக்கி, மறுபடி கட்டினார். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சிறை வாசலுக்கு அப்படி ஒரு விதியும் இல்லை.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் சிறையில் 262 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். புகையற்ற சிறை அது. விடுதலைக்கு முந்தைய ஆறு வாரம் ஒரு பகுதியினரோடு உட்கார்ந்து பேசினார்கள். வெளியே வந்து மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், பேச்சுக் கேட்டவர்களில் 25 சதவீதம் பேர் தொடாமல் இருந்தார்கள், கேட்காதவர்களில் 7 சதவீதம்தான். உள்ளே எத்தனை மாதம் விட்டிருந்தாலும் வாசலைத் தாண்டுகிற அன்றுதான் சோதனை. லாரிக்காரர் இதை எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்.

நம் கிளைச் சிறையில் ஆறு வாரம் யாருக்கு வாய்க்கும்? ஜாமீன் உத்தரவு மாலையில் வரும், இரவுக்குள் ஆள் வெளியே. ஆகவே முதல் சந்திப்பிலேயே வாசலைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறேன். "வெளியே வந்ததும் யார் பீடி நீட்டுவார்கள்? என்ன சொல்வீர்கள்?" லாரிக்காரர் நெடுநேரம் யோசித்து, "மச்சான்" என்றார். பட்டை ஒட்டி இன்று பன்னிரண்டாம் நாள். 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் என் எண்ணையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

26 பிப்ரவரி, புதன்

சிவராத்திரி. குலதெய்வக் கோயிலில் கண் விழிப்பு, வேறொன்றும் எழுதவில்லை.

27 பிப்ரவரி, வியாழன்

உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து இன்றோடு 20 ஆண்டு. காலையில் சென்னையிலிருந்து அழைத்துப் பேசச் சொன்னார்கள், பேசினேன்.

மாலை ஆறு மணிக்குச் சிறையிலிருந்து தகவல்: லாரிக்காரருக்கு ஜாமீன். கண்டனூர் வீட்டிலிருந்து ஓடினேன். நான் இறங்கும்போது அவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு துணிப்பை. அவருடைய தாயார் சூடம் சுற்றிக் கொட்டினார். மச்சான் தோளில் கைபோட்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு பீடியை எடுத்து நீட்டினார். அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அழுதுகொண்டேதான் நீட்டினார்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார். எதிரே கயிற்றின் கங்கு சிவப்பாகத் தெரிந்தது. பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "பஸ் வந்துவிடும், வா" என்று மச்சானை இழுத்துக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை காலை அவரை அழைக்க வேண்டும்.