கரண்ட் வைத்த வாரங்கள்: பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்கு

பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் வந்த புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கப்போகிறார்கள் என்றதும், எங்கள் வீட்டில் எல்லோரும் கீமோவை நினைத்துத்தான் பயந்தார்கள். முடி கொட்டுமா, சோறு இறங்குமா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எங்களைப் படுத்தி எடுத்ததோ கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் 'கரண்ட் வைப்பது'. அதிலும் பாதிச் சிகிச்சைக்கு மேல் அத்தையின் தோல் பட்ட பாட்டைப் பற்றி முன்கூட்டி யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அத்தை என்றால் என் மாமியார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதே, மற்றதை எழுது" என்றார்.

பாலக்கோடு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தக்காளித் தோட்டம். அரிப்பு, வெள்ளைத் திட்டு என்று வருடக்கணக்கில் மருந்துக்கடைக் களிம்பிலேயே அவர் காலம் தள்ளியிருக்கிறார். புண் ஆறாமல், தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் என்னிடம் வாய் திறந்தார். பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. தர்மபுரி அரசு மருத்துவமனையில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், நெறியிலும் ஊசி குத்தி எடுத்தார்கள். இரண்டிலும் புற்றுநோய். மேல்சிகிச்சைக்குச் சேலம் போனோம்.

கட்டி மூத்திரத் துவாரத்தையும் ஆசனவாயையும் தொட்டுக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை என்றால் அவற்றையும் சேர்த்து எடுத்து, வயிற்றில் பை மாட்ட வேண்டிவரும் என்று டாக்டர் காகிதத்தில் வரைந்தே காட்டினார். அதனால்தான் கதிர்வீச்சும் கீமோவும். இதில் கீமோ துணைக்கு வருவதுதான். கதிர் பட்டுச் சேதமான புற்றுநோய்ச் செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளாமல் அது தடுக்கிறது. "குணமாகிவிடுமா, உத்தரவாதம் உண்டா?" என்று என் கொழுந்தனார் கேட்டார். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை டாக்டர் சொன்னார். இதே முறையில் சிகிச்சை பெற்ற 58 பெண்களில் 37 பேருக்குக் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. மற்றவர்களுக்கு மறையவில்லை. மழுப்பாமல் அவர் சொன்ன அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போய் முதலில் அந்த வேலையை முடியுங்கள்.

சிகிச்சை தொடங்கும் முன் ஒரு ஸ்கேன் எடுத்து, தோலில் மையால் குறி வைத்தார்கள். அது அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கால்களை அகட்டிப் படுக்கவைத்து, தினமும் அதே நிலையில் கதிர் பாய்ச்சுவார்கள். மேல்தோலிலும் முழு அளவு படவேண்டும் என்று சில நாட்கள் புண்ணின் மேல் ஈரத் துணியை மடித்து வைத்தார்கள். முதல் நாள் உள்ளே ஆண் ஊழியர் நிற்பதைப் பார்த்ததும் அத்தை புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்டேன், ஏற்பாடு செய்தார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கதிர்வீச்சு, வாரத்தில் ஒரு நாள் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து. அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாகச் சலைன். காதில் இரைச்சல் கேட்டால் உடனே சொல்லச் சொன்னார்கள். குமட்டல் இருந்தது, மாத்திரைக்கு அடங்கியது. தலைமுடி பெரிதாகக் கொட்டவே இல்லை. இதனாலேயே, வந்தது புற்றுநோய்தானா என்று பக்கத்து வீட்டில் சந்தேகப்பட்டார்கள்!

தொடக்கத்தில் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தோம். கதிர் பாய்ச்சும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் குடல் ஒதுங்கியிருக்கும். நேரம் கணக்குப் பார்த்துத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து நிற்கும் வரிசையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகு தண்ணீர் பாட்டிலை மருத்துவமனை வாசலில்தான் திறந்தோம். தோல் உரிய ஆரம்பித்ததும் பஸ் இருக்கையில் உட்காரவே முடியவில்லை. சேலத்திலேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்தோம். முடிந்தவர்கள் முதலிலிருந்தே அப்படிச் செய்வது நல்லது.

தோல் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது, பிறகு தொடை இடுக்கில் உரிந்து நீர் கசிந்தது. மூத்திரம் போவது நெருப்பை ஊற்றுவது போல என்று அழுதார். ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்த வழிதான் எங்களைக் காப்பாற்றியது: மூத்திரம் போகும்போதே ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூத்திரம் நீர்த்துவிடுவதால் எரிச்சல் பாதியாகக் குறையும். அகலமான பேசினில் உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அதில் உட்காரவைத்தோம். சோப்பு கிடையாது. துடைக்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காற்றாட விட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு. அதையும் கதிர்வீச்சு முடிந்த பிறகுதான் போடவேண்டும். உள்ளாடை வேண்டாம், பழைய பருத்திப் புடவை போதும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு வந்த உறவினரை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். வலி மாத்திரையை வலி வந்த பிறகு என்றில்லாமல் நேரப்படி கொடுத்தோம். முதலில் "நீ வெளியே இரு" என்ற அத்தை, பிறகு நான் களிம்பு போடும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியாகிவிட்டதா என்று விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்.

வயிற்றுப்போக்கு வந்ததால் களியை நிறுத்தி, குழைந்த சோறும் மோரும் கொடுத்தோம். பிறந்ததிலிருந்து கேழ்வரகுக் களி தின்றவருக்கு அது தனித் தண்டனை.

தோல் மோசமான நாட்களில்தான் வீட்டில் சண்டை வந்தது. "பத்து நாள் நிறுத்திவிட்டு, உடம்பு தேறியதும் தொடரலாமே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டாக்டர் ஒப்பவில்லை. இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்கள் மறுபடி பெருகும், பட்ட பாடு வீண் என்றார். வெள்ளணுக்கள் குறைந்த வாரத்தில் கீமோவை மட்டும் தள்ளிவைத்தார்கள், கதிர்வீச்சு ஓடியது. இயந்திரம் பழுதான நாளுக்குப் பதிலாகச் சனிக்கிழமை வரச் சொன்னார்கள். உறவில் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. அதைச் சொல்லிக் காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

கடைசி நாளுக்குப் பிறகும் சில நாட்கள் புண் அதிகமாகத்தான் ஆனது. கதிரின் வேலை உடனே நிற்காது. பிறகு மளமளவென்று ஆறியது. சுமார் மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்து, கட்டி இருந்த இடத்தில் மீண்டும் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை. மறுபடி வரக்கூடும் என்பதால் பரிசோதனைக்குத் தொடர்ந்து போகிறோம்.

தொடை இடுக்கில் கதிர் பட்டதால் இடது கால் மாலையில் வீங்குகிறது. இறுக்கமான காலுறை கொடுத்திருக்கிறார்கள். காலில் சின்னக் காயம் பட்டாலும் சீழ் பிடிக்கும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். "வரப்பில் எவளாவது செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பாளா?" என்கிறார் அத்தை. இப்போது எங்களுக்குள் சண்டை அதற்குத்தான்.