கட்டுநாயக்கவில் விமானம் பார்க்க: முதலில் காற்று, பிறகு வெயில்

விமானம் படம் பிடிக்கக் கட்டுநாயக்கப் பக்கம் போகிறவர்கள் அநேகமாக முதலில் பார்ப்பது நேர அட்டவணையைத்தான். டோஹா விமானம் எத்தனை மணிக்கு, சிங்கப்பூர் விமானம் எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு போய் நிற்பார்கள். விமானம் சொன்ன நேரத்துக்கு வரும், ஆனால் மற்றப் பக்கத்தால் இறங்கும். பிழை அட்டவணையில் இல்லை. எந்த முனையால் இறங்குவது என்பதைக் காற்றுத் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கத்தில் நின்று பிடிப்பது என்பதை வெயில் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டவருக்கு அட்டவணை மூன்றாவது வேலை.

கட்டுநாயக்கவில் இருப்பது ஒரே ஓடுபாதை. நீளம் 3,350 மீற்றர், அகலம் 60 மீற்றர், வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. ஒரு முனையின் இலக்கம் 04, மற்றதன் இலக்கம் 22. திசைகாட்டிப் பாகையில் கடைசி இலக்கத்தை விட்டால் வருவதுதான் இந்த எண். 04 இல் இறங்கும் விமானத்தின் மூக்கு ஏறக்குறைய 40 பாகையைப் பார்க்கும், 22 இல் இறங்கினால் 220 பாகையை. எந்த விமானமும் எதிர்காற்றில்தான் இறங்க விரும்பும், ஏற விரும்பும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, அதனால் 22 பாவனையில் இருக்கும். வடகிழக்கே தரைப் பக்கமாகத் தாழ்ந்து வந்து இறங்கும், கடல் பக்கம் ஏறும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று, எல்லாம் தலைகீழ். கடலையும் நீர்கொழும்புக் களப்பையும் தாண்டி 04 இல் வந்து இறங்கும்.

சிக்கல் தருபவை மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர். விடியக் காற்றே இருக்காது, அல்லது தரைக்காற்று மெல்லக் கிழக்கிலிருந்து வரும். பத்து, பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழும்பினால் ஓடுபாதை நடுப்பகலில் மாறும். காற்று பின்னாலிருந்து மெல்ல வந்தாலும் இறங்கலாம். வழமையான எல்லை 10 நொட் (மணிக்கு ஏறக்குறைய 18 கிலோமீற்றர்) என்பதால் மாற்றம் உடனே நடக்காது. வரிசையில் வந்துகொண்டிருக்கும் இரண்டு மூன்று விமானங்களை இறக்கிவிட்டுத்தான் மாற்றுவார்கள். காற்று மாறியதும் அவசரப்பட்டு இடத்தை விட்டு ஓடாதீர்கள்.

விமான நிலைய வானிலை அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் முதலில் வரும் நேரம் கிரீன்விச் நேரம், ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். 0310 என்றால் நமக்குக் காலை 8.40. அடுத்த ஐந்து இலக்கம்தான் நமக்குத் தேவை. 23012 என்று இருந்தால் 230 பாகையிலிருந்து 12 நொட் வேகத்தில் காற்று. அதாவது 22. 25016 என்றால் ஓடுபாதைக்கு 30 பாகை சரிந்த காற்று, அதில் பாதி, அதாவது 8 நொட், பக்கக்காற்று. 140 நொட்டில் இறங்கி வரும் விமானம் அதை ஈடுகட்ட மூக்கை மூன்று பாகை காற்றுப் பக்கம் திருப்பி வைத்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் அந்தக் கோணல் வடிவாகத் தெரியும். சக்கரம் தொடுவதற்குச் சற்று முன் விமானி சுக்கானை மிதித்து நேராக்குவார். படம் எடுக்க வேண்டிய கணம் அதுதான்.

இனி வெயில். இதைப் பலர் யோசிப்பதில்லை. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்காக எழும்புகிறது, காலை எட்டு ஒன்பது மணிக்கு அது 120 பாகைப் பக்கம் நிற்கும். அப்போது 04 இல் வரும் விமானத்தின் வலப்பக்கம் பார்ப்பது 130 பாகையை. மூக்கிலிருந்து வால் வரை ஒரே வெளிச்சம், நிழலே விழாது. ஆக அந்த மாதங்களில் காலையில், விமானப் பாதைக்குத் தென்கிழக்கே நில்லுங்கள். பின்னேரம் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், வால்தான் வெளிச்சமாக வரும், முகம் இருளும். ஜூன், ஜூலையில் நேர்மாறு. காலைச் சூரியன் 22 இல் வரும் விமானத்தின் முதுகுப் பக்கம். பின்னேரம் நாலு மணிக்கு அது 290 பாகைக்கு மேல் போகும்போது, 310 பாகையைப் பார்க்கும் வலப்பக்கத்தில் முழு வெளிச்சம் விழும். அப்போது வடமேற்கே நிற்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், வடகீழ்க் காற்றுக் காலத்தில் காலையும் தென்மேல் காற்றுக் காலத்தில் பின்னேரமும் நல்லவை. எந்தக் காலத்திலும் கிடைப்பது வலப்பக்கம். இடப்பக்கத்தின் நல்ல படம் கட்டுநாயக்கவில் உண்மையிலேயே அரிது.

எங்கே நிற்பது? 04 பாவனையில் இருந்தால், களப்புக்கும் கடலுக்கும் இடையில் பிட்டிபனையிலிருந்து பமுனுகம வரை போகும் மணல் நிலப்பகுதி நல்லது. ஓடுபாதை முனையிலிருந்து ஐந்தரைக் கிலோமீற்றர் தொலைவில் விமானம் ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்தில் இருக்கும். இது மூன்று பாகைச் சரிவின் கணக்கு: கிலோமீற்றருக்கு 52 மீற்றர், அதோடு முனையைக் கடக்கும்போது உள்ள 15 மீற்றர். சீதுவ, கட்டுநாயக்க வீதிப் பக்கம் வந்தால் இன்னும் தாழ்வு, ஒரு கிலோமீற்றரில் 67 மீற்றர்தான். அங்கே வயிறு மட்டும்தான் படத்தில் விழும், மூன்று நாலு வினாடிக்குள் முடிந்துவிடும். கொழும்பிலிருந்து 240 இலக்க நீர்கொழும்பு பஸ் அந்த வீதியால் போகும், புத்தளப் பாதை ரயிலும் சீதுவவில் நிற்கும். அதிவேக நெடுஞ்சாலையில் வாகனத்தை நிறுத்தவே கூடாது, சட்டப்படியும் தவறு, ஆபத்தும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுநாயக்க ஒரு விமானப்படைத் தளமும்கூட. வேலியோடு ஒட்டி நிற்பது, ஏணி வைப்பது, இராணுவ விமானத்தைப் படம் பிடிப்பது எதுவுமே வேண்டாம். அனுமதியில்லாமல் ட்ரோன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். யாராவது வந்து கேட்டால் கமராவிலுள்ள படங்களைத் தாங்களாகவே காட்டி, போகச் சொன்னால் போய்விடுங்கள். ஒருவர் வாதாடினால் அடுத்த மாதம் அந்த இடம் எல்லோருக்கும் மூடப்படும்.

லென்ஸ் எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு: சென்சரின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, விமானத்தின் நீளத்தால் வகுங்கள். 300 மீற்றர் தூரத்தில் பக்கவாட்டில் ஒரு ஏ320, நீளம் 37.6 மீற்றர், முழுச் சென்சர் (ஃபுல் ஃப்ரேம்) என்றால் 287 மில்லிமீற்றரில் சட்டகம் நிரம்பும். 73.9 மீற்றர் நீளமான போயிங் 777-300ஈஆர் 146 இலேயே நிரம்பிவிடும். சிறிய சென்சர் கமராவில் இவை 187, 95 ஆகக் குறையும். ஆகவே 70–300 போதும். 400, 600 என்று காசைக் கொட்டியவர்களுக்கு இங்கே வேறொரு எதிரி இருக்கிறது: கானல். பத்து மணிக்குப் பிறகு சூடான தாரின் மேல் காற்று நெளியும், ஓடுபாதையை ஒட்டித் தூரத்திலிருந்து பிடித்தால் எழுத்துகள் அலையலையாக வரும். அதை எந்த விலை லென்ஸும் திருத்தாது. வானத்தைப் பின்னணியாக வைத்து, இறங்கி வரும் விமானத்தைப் பிடித்தால் பார்வைக் கோடு தரையை ஒட்டிப் போகாது, கானலும் குறையும்.

ஜெட் என்றால் ஷட்டர் 1/1000, துளை எஃப்8. வெள்ளை விமானமும் வெளிறிய வானமும் சேர்ந்தால் கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், வெளிச்சத்தை முக்கால் ஸ்டொப் கூட்டிவிடுங்கள். கடற்கரையில் உப்புப் படலம் லென்ஸின் முகத்தில் படியும், துடைக்காமல் வெயிலுக்கு எதிரே பிடித்தால் எல்லாம் மங்கலாக வரும். ஏசி வாகனத்திலிருந்து இறங்கியதும் கண்ணாடி வியர்க்கும். கமராவைப் பைக்குள் மூடியபடியே இருபது நிமிடமாவது வெளியில் வைத்த பிறகு எடுங்கள். கொழும்பின் ஈரப்பதனில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது சர்வசாதாரணம். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதன் 40 முதல் 50 வீதம் இருக்கும்படி வைத்தால் தப்பும்.

அடையாளம் காண்பதில் மிகப் பெரிய தவறு ஏ320 குடும்பத்தில்தான் நடக்கிறது. இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்த ஷார்க்லெட் இருந்தால் நியோ, அதாவது புதிய எஞ்சின் பூட்டிய ஏ320, என்று பலர் சொல்கிறார்கள். பழைய ஏ320 களிலும் ஷார்க்லெட் உண்டு. எஞ்சினைப் பாருங்கள். பழைய சிஎஃப்எம்56 இன் வாய் 1.73 மீற்றர், விசிறியில் 36 மெல்லிய இதழ்கள். நியோவில் வரும் லீப் எஞ்சினின் விசிறி 1.98 மீற்றர், 18 இதழ்கள்தான், ஒவ்வொன்றும் அகலமாக, வாள்போல் வளைந்திருக்கும். நியோவில் வரும் மற்ற வகையான பிராட் அன்ட் விட்னிக்கு 20. தரித்து நிற்கும் விமானத்தின் படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள், சந்தேகமே வராது. ஏ321 ஐப் பிரிக்க நீளமே போதும், அது 44.5 மீற்றர்.

அகல உடல் விமானங்களில் சக்கரங்களை எண்ணுங்கள். இறக்கையின் கீழ் ஒவ்வொரு காலிலும் நாலு என்றால் ஏ330 ஆக இருக்கலாம், ஆறு என்றால் 777. 787 இன் எஞ்சின் பின்விளிம்பு அரிவாள் பல்போல் வெட்டியிருக்கும். ஏ350-900 க்கு விமானி ஜன்னலைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்ட முகம். ஏ330 இலும் இரண்டு நீளம்: -200 58.8 மீற்றர், -300 63.7 மீற்றர். குட்டையானதன் வால் சற்று உயரமாக இருக்கும். உடல் குறுகினால் சுக்கானுக்கு நெம்புகோல் நீளம் குறைகிறது, அதை ஈடுகட்டத்தான் அந்த உயரம்.

ஸ்ரீலங்கன் முழுக்க எயார்பஸ் வைத்திருப்பது குறித்துப் பலர் சலிப்போடு கதைக்கிறார்கள். நான் அதை ஆதரிக்கிறேன். சிறிய நிறுவனத்துக்கு அது சரியான தெரிவு. ஏ320 ஓட்டும் விமானி குறுகிய பயிற்சியோடு ஏ330 க்கு மாறலாம், விமானி அறை அவ்வளவு ஒத்திருக்கும். ஆனால் 1994 இல் எயர் லங்காவுக்கு (ஸ்ரீலங்கனின் பழைய பெயர்) வந்த ஏ340 ஐப்போல ஒன்று இனி இந்த வாலில் தெரியாது என்பது கவலைதான். நாலு மெல்லிய எஞ்சினோடு அவசரமே இல்லாமல் ஏறும் அந்த விமானத்தின் அழகு ஏ330 க்கு இல்லை. மயில் வால் சின்னம் அதற்குத்தான் மிகப் பொருந்தியது.

விசிறி (ப்ரொப்பெல்லர்) விமானங்களை யாரும் மதிப்பதில்லை. அது பெரிய குறை. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோனின் முதல் சேவை இரத்மலானையிலிருந்து, ‘சீதா தேவி’ என்ற டிசி-3 இல், காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் போனது. 2019 ஒக்டோபரில் பலாலி யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்ததும் ஒரு விசிறி விமானம்தான், ஏடிஆர் 72. முழு எடையோடும் ஏறக்குறைய 1,300 மீற்றரில் அதனால் எழும்ப முடியும். குறுகிய ஓடுபாதைக்குப் பொருத்தமான விமானம் அது. படம் பிடிக்கும்போது 1/1000 வைத்தால் விசிறி உறைந்து, விமானம் வானத்தில் செத்து நிற்பதுபோல் இருக்கும். நிமிடத்துக்கு 1,200 சுற்று, ஆறு இதழ்: 1/125 இல் ஒவ்வொரு இதழும் 58 பாகை நகரும், இதழ்களின் இடைவெளி 60 பாகை. முழு வட்டமே கிடைக்கும். கை நடுங்கினால் 1/250 வையுங்கள், பாதி வட்டமாவது வரும்.

போனில் விமானங்களைப் பின்தொடரும் ஃப்ளைட்ரேடார்24 செயலியைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் காட்டும் உயரம் 1013 ஹெக்டோபஸ்கல் என்ற நிலையான அழுத்தத்தின் கணக்கு. அன்றைய அழுத்தம் 1010 என்றால் திரையில் ஏறக்குறைய 90 அடி கூடக் காட்டும். திரையில் விமானம் நீள்வட்டமாகச் சுற்றினால் பெரும்பாலும் புயல்மழை விலகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். எரிபொருள் முடியும்வரை சுற்றாது. கொஞ்ச நேரத்தில் மத்தளைக்கோ தென்னிந்தியாவுக்கோ திரும்பும்.

அந்த மழை நாட்களில்தான் அநேகர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். மழை விட்ட கையோடு காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இடையில் இரண்டு மூன்று பாகைதான் வித்தியாசம். இறங்கி வரும் 777 இறக்கையின் பின்விளிம்பு மடலை முழுக்க விரித்திருக்கும். இறக்கையின் முதுகில் அழுத்தம் திடீரென்று விழ, அங்கே ஒரு வெள்ளைத் துணியை உதறி விரித்ததுபோல் நீராவி எழும்பி மறையும். மடலின் ஓரத்திலிருந்து நூல்போல் ஒரு கோடு புறப்பட்டு, சுருண்டு பின்னால் போகும். ஷட்டரை 1/800 க்கு இறக்கி, ஐ.எஸ்.ஓ. வை 800 வரை ஏற்றிவிட்டு, குடையோடு இன்னும் அரை மணித்தியாலம் நில்லுங்கள். 777 க்குப் பின்னால் வரும் ஏ320 ஐந்து கடல் மைல் தள்ளித்தான் வரும், இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. லென்ஸைத் துடைக்க அது போதும்.