சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சென்னையில் கல்லூரியில் சேர நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரம் வந்து இறங்கி, மின்சார ரயில் பிடித்துக் கிண்டிக்கு வந்தோம். ஹாஸ்டல் அறையில் டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டு அப்பா சொன்னது ஒன்றுதான்: "சாப்பாட்ட மட்டும் விட்டுராத தாயி." மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் வகுப்பு முடிந்து கட்டிலில் வந்து உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது.

இப்போது இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஹாஸ்டலுக்கு வரும் முதலாண்டுத் தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன செய்யப் போகிறாய்?

நாலரைக்கு வகுப்பு முடிந்தால் ஏழரைக்குத்தான் மெஸ் திறக்கும். நடுவில் மூன்று மணி நேரம். வீட்டில் அந்த நேரத்தில் அம்மா வாசல் தெளிப்பார், டீ கொதிக்கும், தம்பி சைக்கிளில் வந்து இறங்குவான். இங்கே மின்விசிறிச் சத்தம்தான். மனது தாங்காமல் படுத்துவிடுவேன். ஐந்து மணிக்குத் தூங்கினால் இரவு இரண்டு மணி வரை தூக்கம் வராது. காலையில் டிபன் போய்விடும். முதல் வகுப்பில் கண் சொருகும். இப்படியே ஆறு வாரம் ஓடியது. கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு 31 வாங்கினேன். பிளஸ் டூவில் கணக்குதான் என் பலமே.

பக்கத்து அறை அக்கா அந்தத் தாளைப் பார்த்தார். திட்டவில்லை. "நாளைல இருந்து கிளாஸ் முடிஞ்சதும் ரூமுக்கு வராத. பையோட நேரா லைப்ரரிக்கு வா" என்றார். அவ்வளவுதான் செய்தேன். ஐந்து முதல் ஏழு வரை கல்லூரி நூலகம். அன்று நடந்ததை அன்றே ஒருமுறை எழுதிப் பார்ப்பேன். சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போவோம். 2010இல் திறந்த அந்த நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது. சுற்றிலும் நூறு பேர் தலை குனிந்து படிக்கும்போது நமக்கும் படிப்பு தானாக ஓடும். ஹாஸ்டல் அறையில் அது நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்வேன்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இன்னொன்று. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஊரில் விட்டுவிட்டு வராதீர்கள். முதல் பருவத்தில் மேட்ரிக்ஸ் என்று ஆரம்பித்ததும் நான் மிரண்டுபோனேன். அது நாம் முதல் பாடமாகப் படித்த அணிகள்தான். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் கலைச்சொற்கள் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். நோட்டில் வலப்பக்கம் ஆசிரியர் சொன்ன ஆங்கிலம், இடப்பக்கம் எனக்குப் புரிந்த தமிழ். இரண்டாவது இன்டர்னலிலேயே வித்தியாசம் தெரிந்தது.

அறை விஷயம் சுருக்கமாக. கொசுவலை, இரண்டு பூட்டு, சொந்தமாக ஒரு நைலான் கயிறு, கிளிப்புகள், பெயர் எழுதிய பக்கெட். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, துணி சீக்கிரம் மங்கும். நல்ல உடைகளை முதல் மாதமே இறக்கிவிட வேண்டாம். துணியை ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்துவைத்தால் துவைக்கும் கல்லுக்கும் கொடிக்கும் வரிசைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னையில் அப்போது துணி காய மூன்று நாள் ஆகும். வாரத்தில் இரண்டு நாள், நாலைந்து உருப்படியாகத் துவைத்துவிடுங்கள். தரைத்தளத்து அறை என்றால் சான்றிதழ்களைக் கட்டிலுக்கு அடியில் வைக்கவே கூடாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் தட்டில் வையுங்கள்.

சான்றிதழ் என்றதும் என் வேதனை ஒன்று. சேர்க்கையின்போது அசல்களை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நகல்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருமானச் சான்றிதழ் கேட்டபோது, அதை வாங்க நான்கு நாள் வகுப்பை விட்டு அலைந்தேன். கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல் எடுங்கள், போனிலும் படம் பிடித்து வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் (2022), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் (2024) மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் இணைத்த கணக்கா என்று ஊரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டில் அந்த ஆயிரம் ரூபாய் பெரிய பணம்.

மெஸ் பில் பல ஹாஸ்டல்களில் டிவைடிங் முறைதான்: மாதச் செலவை எல்லோருக்கும் பங்கு போடுவார்கள். ஊருக்குப் போகும் நாட்களைக் கழிக்க முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த விதியை முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

யாராவது சீனியர் தொந்தரவு கொடுத்தால் சகித்துக்கொள்ள வேண்டாம். ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் வந்துவிட்டது. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. போனில் பதிந்து வையுங்கள். அதே சமயம் எல்லா சீனியரையும் கண்டு ஒதுங்கவும் வேண்டாம். என்னைத் தூக்கிவிட்டதே ஒரு சீனியர் அக்காதான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தவறினால் கிளாம்பாக்கம் போய் பஸ்தான். நான் முதல் இரண்டு மாதம் வாராவாரம் ஊருக்குப் போக நினைத்து, டிக்கெட் காசுக்குப் பயந்து விட்டுவிட்டேன். அது நல்லதாகப் போயிற்று. சனி, ஞாயிறு இங்கே இருந்ததால்தான் தோழிகள் கிடைத்தார்கள்.

அப்புறம், வீட்டுக்குப் பேசும் நேரம். ஐந்து மணிக்குப் பேசினால் என் குரல் கேட்டு அம்மா கலங்குவார், அவர் குரல் கேட்டு நான் கலங்குவேன். அதனால் இரவுச் சாப்பாடு முடிந்து எட்டரை மணி என்று மாற்றிக்கொண்டோம். அந்நேரம் படித்தும் முடித்திருப்பேன், வயிறும் நிறைந்திருக்கும். "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டால், சாப்பிட்டேன் என்று பொய்யில்லாமல் சொல்ல முடிகிறது.